கட்டிங் மாஸ்டர் உட்கார்ந்த கதை

குடித்துவிட்டுத்தான் துணியைக் கெடுத்தார் என்று சொல்கிறீர்களே, எந்தக் கடையில், யார் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள். இருமல் மருந்தையே முகத்தைச் சுளித்துக்கொண்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிற மனிதர் என் மாப்பிள்ளை. அவரைப் பார்த்துச் சொல்ல உங்களுக்கு வேறு பொய்யே கிடைக்கவில்லையா?

இதையெல்லாம் கிளப்பிவிட்டவள் யார் என்றும் எனக்குத் தெரியும். மூன்றாவது மாடியில் இருக்கிறாள். கட்டடத்தில் எல்லோரும் அவளை வானொலி என்றுதான் சொல்வோம். மாப்பிள்ளையை வேலையை விட்டுத் துரத்திவிட்டார்கள், என் மகள் சம்பாதித்துப் போடுகிறாள், அவர் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு சாப்பிடுகிறார், ஆள் பார்க்கக் கல்லு மாதிரி இருக்கிறார் என்று மாடிப்படி முழுக்க ஒலிபரப்பினாள். கடைசியாகச் சொன்னது மட்டும் நிஜம். பார்க்க நன்றாகத்தான் இருந்தார். அவருக்கு வந்த நோய்க்கு அப்படி ஒரு கெட்ட புத்தி, வெளியே எதுவும் தெரியாது. ஒரு கட்டுப் போட்டிருந்தால், ஒரு கொப்புளம் கிளம்பியிருந்தால் இந்த ஊர் வாயை மூடிக்கொண்டிருக்கும்.

அவர் தையல் பட்டறையில் கட்டிங் மாஸ்டர். பள்ளிக்கூடத்துச் சீருடை, ஆஸ்பத்திரிக்காரர்களின் மேல்கோட்டு, மண்டபத்துத் திரை என்று மொத்தமாகத் தைத்துக் கொடுக்கிற இடம். துணியை மடிப்பு மேல் மடிப்பாக நீளமான மேசையில் விரித்து, சாக்குக்கட்டியால் கோடு போட்டு, மின்சாரக் கத்தியை ஓட்டுவார். ஒரு கோடு பிசகினால் அடியில் இருக்கிற அத்தனை துணியும் சேர்ந்து பிசகும். தைக்கிறவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். கட்டிங் மாஸ்டர் மட்டும் நிற்பார். மேசைக்கு முன்னால் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

அந்தப் பட்டறையில் இன்னொரு பழக்கமும் உண்டு. அந்தப் பக்கம் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் கரண்ட் இருக்கிறபோது கத்தியைக் கீழே வைக்க மாட்டார்கள். சாப்பாடு ஆறினாலும் சரி, ஆள் வந்து காத்திருந்தாலும் சரி, விளக்கு அணைகிற வரைக்கும் வெட்டித் தள்ளிவிட வேண்டும். இந்தப் பழக்கத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளையைப் படுக்கையில் தள்ளியதில் பாதிப் பங்கு இதற்குத்தான்.

முதலில் வந்தது வெறும் சளிக் காய்ச்சல். வீட்டில் எல்லோருக்கும் வந்தது. நான் தும்மினேன், மகள் இருமினாள், மாப்பிள்ளை இரண்டும் செய்தார். நாங்கள் தேறினோம். அவரும் எழுந்து வேலைக்குப் போய்விட்டார். கதை முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

ஒருநாள் அடுப்பில் பால் தீய்ந்து, புகை கூடம் வரைக்கும் வந்துவிட்டது. அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்த மனிதருக்கு எதுவும் தெரியவில்லை. அன்று மதியம் நான் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது அத்தை என்றார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் சமையலில் உப்பு அதிகம், காரம் குறைவு என்று ஏதாவது சொல்லாமல் எழுந்ததில்லை. அவர் பாராட்டிய அன்றுதான் அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தெரிந்துகொண்டேன். மூக்கில் வாசனை என்பதே இல்லாமல் போயிருந்தது.

பிறகு பேச்சில் சொற்கள் விழ ஆரம்பித்தன. பட்டறையில் கத்தரிக்கோலைக் கேட்கும்போது, “அதாம்மா, அந்த ரெண்டு கால் வச்சது” என்றாராம். மாஸ்டர் வேடிக்கை பண்ணுகிறார் என்று தையல்காரிகள் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னபோது அவரும் சிரித்தார். ஆனால் கண் சிரிக்கவில்லை. நின்றால் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, தலைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கிறது என்றார்.

அந்த நிலைமையில்தான் மண்டபத்துத் திரைக்கு வெல்வெட் வந்தது. வெல்வெட்டை ஒரு பக்கமாகத் தடவினால் வழுக்கும், எதிர்ப்பக்கமாகத் தடவினால் நூல் எழும்பி நிற்கும். எல்லாத் துண்டும் ஒரே திசையில் போக வேண்டும். புதிதாக வந்தவனுக்கும் தெரிந்த சங்கதி. மாப்பிள்ளை நடுவில் ஒரு துண்டைத் தலைகீழாக வைத்து வெட்டிவிட்டார். தைக்கிறபோது ஒருவருக்கும் தெரியவில்லை. மண்டபத்தில் திரையைத் தொங்கவிட்டு விளக்கைப் போட்டதும், நடுவில் ஒரு பட்டை மட்டும் வெளுத்துப்போய்ப் பல் இளித்தது. முதலாளி திட்டவில்லை. வேறு துணி வாங்கி மாற்றிக்கொடுத்தார். கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள் மாஸ்டர் என்று மட்டும் சொன்னார். அதைத்தான் வானொலி துரத்திவிட்டார்கள் என்று மாற்றி வாசித்தாள்.

பக்கத்து மருத்துவர் இரத்தம் எடுத்தார், படம் பிடித்தார், எல்லாம் சரியாக இருக்கிறது, உடம்பை அசைத்து நடங்கள் என்றார். மாப்பிள்ளைக்கு அதுவே போதுமானதாக இருந்தது. கொஞ்சம் தெம்பாக எழுந்த காலையில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினார், பரணில் இருந்ததை எல்லாம் இறக்கித் துடைத்தார், என் கட்டிலின் ஆடுகிற காலுக்கு ஆணி அடித்தார். இருக்கிறபோதே முடித்துவிட வேண்டும் என்ற அதே பட்டறைப் புத்தி. அன்று நன்றாகத்தான் இருந்தார். மறுநாள் எழுந்திருக்க முடியவில்லை. பல் தேய்க்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனார். வாரக்கணக்கில் படுத்தார். திரும்ப ஒரு நல்ல நாள் வரும், திரும்ப எல்லாவற்றையும் இழுத்துப் போடுவார், திரும்ப விழுவார். ஒவ்வொரு தடவையும் முன்னைவிடக் கீழே போனார்.

கடைசியில் என் மகள் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். நானும் போனேன். வேண்டாம் என்றார்கள், கேட்கவில்லை. அங்கே ஒரு டாக்டரம்மா அவரைப் படுக்கவைத்து நாடி பார்த்தார். பிறகு சுவரோரமாக நிற்கவைத்து, விட்டு விட்டு நாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். படுத்திருந்தபோது அமைதியாக இருந்த இதயம், சும்மா நின்றதற்கே மாடிப்படி ஏறினவனுக்கு அடிக்கிற மாதிரி அடித்தது. அதைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா, இவர் நடிக்கவில்லை என்றார். என் மகள் அங்கேயே அழுதுவிட்டாள். அந்த வார்த்தையை யாராவது சொல்ல மாட்டார்களா என்று அவள் எத்தனை நாளாகக் காத்திருந்தாளோ.

எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள் என்று கேட்டேன். சலிக்காமல் சொன்னார். மூச்சு வழியாகக் கிருமி உள்ளே வருகிறது. உடம்பில் இருக்கிற காவல்காரர்கள் கம்பை எடுத்துக்கொண்டு ஓடி வருகிறார்கள். திருடனை விரட்டிவிட்டால் கம்பைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். சிலருடைய உடம்பில் அவர்கள் போகாமல் அங்கேயே சுற்றிக்கொண்டு, வீட்டுச் சாமான்களையே தட்டி உடைக்கிறார்கள். மூக்கின் உள்தோல் அடிபட்டால் வாசனை போகிறது. நரம்பு அடிபட்டால் அது கொண்டுபோகிற சேதி தாமதமாகிறது. நாம் எழுந்து நின்றதும் இரத்தம் காலுக்கு இறங்கும், இரத்தக் குழாயை இறுக்கு என்று நரம்பு சொல்ல வேண்டும். அது சொல்லப் பிந்தினால் மூளைக்கு இரத்தம் குறைகிறது, இதயம் பதறி ஓடுகிறது. சொல்லும் ஞாபகமும் நழுவுகிறது. இவருக்கு இப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன், முழுவதும் எங்களுக்கே இன்னும் தெரியாது என்றும் மறைக்காமல் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதால் மற்றதை நான் நம்பினேன்.

தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார், அவருக்கு இரத்த அழுத்தம் பார்த்துவிட்டு உப்பைக் கொஞ்சம் கூட்டச் சொன்னார். காலுக்கு இறுக்கமான உறை கொடுத்தார். மாப்பிள்ளை அதைத் திருப்பிப் பார்த்து, ஓரத்தையல் சரியில்லை என்றார். ஆள் உள்ளே இன்னும் இருக்கிறார் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. கடைசியாக டாக்டரம்மா சொன்னதுதான் அவருக்குத் தொண்டையில் இறங்கவில்லை. களைப்பு வருவதற்கு முன்னாலேயே நிறுத்த வேண்டும், நின்று செய்கிறதை உட்கார்ந்து செய்ய வேண்டும்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாளில் முதலாளி வந்தார். சீருடை வெட்டுகிற காலம் நெருங்குகிறது, அரை நாள் வாருங்கள், உயரமான நாற்காலி போடுகிறேன், இல்லாவிட்டால் வேறு மாஸ்டரை வைக்கத்தான் வேண்டும் என்றார். நல்ல மனிதர், மறைக்காமல் பேசினார். மாப்பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டு, வந்தால் முழு நாள் நின்று வெட்ட வருவேன், இல்லாவிட்டால் வரவில்லை என்றார். முதலாளி போனபிறகு மகள் அவருக்கு எதிரில் வந்து நின்றாள்.

“நாற்காலியில உக்காந்தா உங்க கை சுருங்கிடுமா?”

“உனக்குப் புரியாது. பாதி வெட்டுல துணிய விட்டுட்டு எழுந்து போறவன் மாஸ்டரே இல்ல.”

“அப்போ பாதி உசுர விட்டுட்டுப் படுத்துக்கிறவர் யாரு?”

நான் நடுவில் புகுந்தேன். என் பழைய போர்வையைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் போட்டேன்.

“தலையணைக்கு உறை வேணும் மாப்பிள்ளை. உக்காந்து வெட்டுங்க. நான் நிறுத்துன்னா நிறுத்தணும்.”

“இது வெளையாட்டு இல்ல அத்தை.”

“கிழிஞ்சா என் போர்வைதானே கிழியப்போகுது, உங்களுக்கென்ன?”

என்னோடு வாயாடி ஜெயிக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். உட்கார்ந்தார். கோடு போட்டார். கத்தரி ஓட ஆரம்பித்ததும் முகத்தில் பழைய களை வந்தது. அவர் முகம் நன்றாக இருந்த அந்த நேரத்திலேயே, போர்வையின் பாதியில், நிறுத்து என்றேன். கத்தரியை அந்தத் துணியின் வாயிலேயே விட்டுவிட்டு எழுந்து போய்ப் படுக்க வேண்டியதாயிற்று. பிறந்ததிலிருந்து அப்படிச் செய்ததில்லை. என்னைப் பார்த்த பார்வையில் வேறு யாராவது என்றால் எரிந்தே போயிருப்பார்கள். அன்று முழுவதும் அந்த மேசைப் பக்கம் திரும்பாமலே நடந்தார்.

மறுநாள் காலையில் நானும் மகளும் அறை வாசலிலேயே நின்றோம். எழுந்திருப்பாரா, இல்லை பழையபடிதானா? எழுந்தார். முகம் கழுவினார். நேராக மேசைக்கு வந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து மீதியை வெட்டினார். துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நேற்று எங்கே முடிந்தது, இன்று எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிக்க முடியாதபடி நேராக இருந்தது. ஓரத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். போர்வை தீர்ந்ததும் ஜன்னல் திரையைக் கழற்றினார். என் பழைய புடவைக்கும் கை நீட்டினார், அதைத்தான் நான் கொடுக்கவில்லை. பாதியில் விடுகிறதற்கு இப்போது நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவரே கத்தரியை வைத்துவிட்டுப் போனார். விழவில்லை. முதலாளிக்கு அவரே போன் போட்டு அரை நாள் வருகிறேன் என்றார்.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். வாசனை இன்னும் பாதிதான். சில சொற்கள் இன்னமும் தாமதமாகத்தான் வருகின்றன, நாங்களும் அவசரப்படுத்துவதில்லை.

அவர் வேலைக்குக் கிளம்பிய காலையில் நான் பால்கனியில் நின்றேன். மேலே வானொலியும் நின்றாள். மாப்பிள்ளை இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலைத் தாண்டினார். மருந்துக்கடை வரைக்கும் போனார். மூச்சு வாங்கவில்லை, தள்ளாடவில்லை. நன்றாக இருந்தபோதே, தெருவில் அத்தனை பேரும் பார்க்க, அந்தக் கடையின் குட்டைச் சுவரில் உட்கார்ந்தார்.

“என்னக்கா, நாலு வீடு தாண்டல, அதுக்குள்ள உக்காந்துட்டாரு?”

“உக்காரத்தான் இத்தனை நாளா பழகினாரு. நீயும் வேணா போய்ப் பக்கத்துல உக்காரு, சேதி சுடச்சுடக் கிடைக்கும்.”

அவள் உள்ளே போய்விட்டாள். மாப்பிள்ளை அவசரமே இல்லாமல் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார், பின்பக்கத்துத் தூசியைத் தட்டினார், அந்தத் தெருவில் போன எல்லோரையும்விட மெதுவாகப் பட்டறையைப் பார்த்து நடந்தார்.