பெட்டிக்காரி வீட்டை விட்டுப் போன கதை

மாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டாளாம். கதை கட்டுகிறவர்களுக்கு வாய் வலிக்காது போலிருக்கிறது. எதிர்வீட்டுக்காரி கண்ணில் பட்டது பெரிய பை ஒன்று, வாசலில் நின்ற கார் ஒன்று; காதில் விழுந்தது அரைகுறைப் பேச்சு. மீதியெல்லாம் அவளாகச் சேர்த்தது.

மருமகள் செய்வது கம்ப்யூட்டருக்குத் திரை கட்டுகிற வேலை. எந்த நோயாளிக்கு எந்த மருந்து என்று ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸ்கள் பார்க்கிறார்களே, அந்தத் திரை. ஜாவா என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எழுதுவாள். பெயருக்கு ஒரு பெட்டி, மருந்துக்கு ஒரு பெட்டி, பட்டனுக்கு ஒரு பெட்டி. நாள் முழுக்க அவள் பெட்டிகளை நகர்த்துவதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, பெட்டிக்காரி என்று தெரு பட்டம் கட்டியது.

தப்பு அவளுடையதுதான், மறைப்பதற்கில்லை. இத்தனை அகலம், இத்தனை உயரம், அசையாதே என்று ஒவ்வொரு பெட்டியையும் ஆணியடித்து வைத்திருந்தாள். அவளுடைய பெரிய திரையில் அது ஓவியம் மாதிரி இருந்தது. வார்டில் இருந்ததோ பழைய சின்ன மெஷின். பெரிய நர்ஸுக்குக் கண் மங்கல், எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டார். எழுத்து வளர்ந்தது, பெட்டி வளரவில்லை. மருந்துப் பெயரின் தலை மட்டும் நின்றது, மிச்சம் மூன்று புள்ளியானது. ஒரே மாதிரி தொடங்குகிற இரண்டு மருந்துகள் திரையில் ஒன்றாகிவிட்டன. ஊசியில் மருந்தை ஏற்றிக் கையில் எடுத்த பிறகுதான் பெரிய நர்ஸுக்குச் சந்தேகம் தட்டியது. ஓர் உயிர் பிழைத்தது.

மேனேஜர் போனில் கூப்பிட்டார்.

"எழுத்தச் சின்னதாக்கி, மாத்த முடியாதபடி பூட்டி விட்டுடும்மா."

"அப்ப அந்தம்மா எப்படி சார் படிப்பாங்க?"

"கண்ணாடிய மாத்திக்கட்டும். முடியாதுன்னா சொல்லு, வேற ஆளப் பாத்துக்கறேன்."

அவள் போனை வைத்தாள். கட்டியதையெல்லாம் கலைக்க ஆரம்பித்தாள். சாப்பாட்டுத் தட்டோடு வந்த மாமியார் அப்படியே நின்றுவிட்டாள்.

"எல்லாத்தையும் பிரிக்கிறியே கண்ணு, வேலை போயிடாதா?"

"போனா வேற வேலை தேடிக்கலாம் அத்தை. ஊசி மாறிப் போச்சுன்னா என்ன பண்றது? இனிமே எந்தப் பெட்டிக்கும் ஆணி கிடையாது. இவ்ளோ இருந்தா நல்லது, இல்லாட்டி இதுக்குக் கீழ குறையாத, எவ்ளோ இடம் கெடச்சாலும் இதுக்கு மேல பரப்பாத. இப்படிச் சொல்லி வெக்கிறேன்."

"பெட்டி கேட்டுக்குதா? என் புள்ள ஒரு நாள் கேட்டதில்லையே."

மருமகள் சிரித்துக்கொண்டே மவுஸால் திரையின் ஓரத்தைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

மாமியாருக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் கண் இருக்கிறதே. முதலில் வெற்றிடம் சுருங்கியது. அப்புறம் குறிப்பு எழுதுகிற பெட்டி ஒடுங்கியது. பட்டன்கள் ஒன்றையொன்று இடிக்காமல் நகர்ந்து நின்றன. மருந்துப் பெயர் மட்டும் ஓர் எழுத்தும் குறையவில்லை. எழுத்தைப் பெரிதாக்கினாள், சுற்றியிருந்தவை தாமாக வழிவிட்டன. கடைசியாக வந்தவருக்கு பெஞ்சில் இருப்பவர்கள் ஒட்டி உட்கார்ந்து இடம் தருவது போல இருந்தது. மாமியாருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கேயாவது தவறுகிறதா பார்ப்போம் என்று தானே மவுஸைப் பிடித்துத் திரையை நசுக்கிப் பார்த்தாள். தவறவில்லை. தட்டில் சோறு காய்ந்தது. இருவருக்கும் அது நினைவில்லை.

மேனேஜரைக் கேட்காமல் மருமகள் அதைப் பெரிய நர்ஸுக்கே அனுப்பினாள், வேலையைப் பணயம் வைத்துத்தான். அடுத்த நாள் மதியம் அந்த அம்மாள் கூப்பிட்டார்.

"பேரு முழுசா தெரியுதும்மா, கண்ணாடி இல்லாமலே படிச்சேன். மத்த வார்டு மெஷினெல்லாம் இதவிடப் பழசு. நீயே வந்து போட்டுக் குடு. உங்க மேனேஜர்கிட்ட நான் பேசிக்கறேன்."

ஆஸ்பத்திரி வெளியூரில். துணிமணியை மடித்துப் பையில் அடுக்கியதும், அதை வாசல் வரை தூக்கி வந்ததும் சாட்சாத் அந்த மாமியார்தான்.

"போயிட்டு வரேன் அத்தை."

"ஒரு வார்டையும் விடாத. எல்லாம் முடியாம இந்த வீட்டுப் பக்கம் வந்துடாத, சொல்லிட்டேன்," என்று தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னாள் மாமியார்.

மருமகள் பையை வாங்கிக்கொண்டு, காத்திருந்த காருக்குப் படியிறங்கினாள்.