மாமாவின் வயிறும் அக்காவின் சீட்டும்

என் அக்கா மருந்துக்கடை கவுன்ட்டரில் நிற்கிறவள். ஒரு மாத்திரை அட்டை கோணலாக இருந்தால்கூட அவளுக்கு இருப்புக்கொள்ளாது. மகனை வேலைக்கு அனுப்பிவிட்டு, தலையில் நாலு நரையும் வந்த பிறகு, ஃபேஷன் டிசைன் பட்டப்படிப்பில் சேரப்போகிறேன் என்றாள். வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் என்ன ஆகும் என்பது எங்களுக்குத் தெரியும்.

அந்தப் படிப்புக்குப் பரீட்சை கிடையாது. போர்ட்ஃபோலியோதான் எல்லாம். வரைந்தது, வெட்டியது, தைத்தது அத்தனையையும் ஒரு பெரிய உறைக்குள் அடுக்கிக்கொண்டு போய்க் கல்லூரி நேர்காணலில் காட்ட வேண்டும். அதற்காக வார இறுதியில் ஓர் அடிப்படைக் கலை வகுப்பில் சேர்ந்தாள். அங்கே டீச்சர் சொன்ன முதல் விஷயமே அவளுக்கு ஒத்துவரவில்லை. அழகாக வந்த படம் மட்டும் போதாது, சொதப்பியதும் அடித்ததும் திருத்தியதும் அப்படியே இருக்க வேண்டும், எப்படி யோசிக்கிறீர்கள் என்றுதான் பார்ப்பார்கள் என்றாராம். குப்பையைப் பத்திரப்படுத்தச் சொல்கிறார்களே என்று அக்கா கொஞ்ச நாள் புலம்பினாள். பிறகு பழகிவிட்டது, எங்களுக்குத்தான் பழகவில்லை. சாப்பாட்டு மேசை முழுக்கத் துணித் துண்டும் குண்டூசியும். மாடி வீட்டிலிருந்து சாப்பிட வரும் நானும் தட்டை மடியில் வைத்துக்கொண்டேன்.

அடுத்தது மனித உடம்பை வரைய வேண்டும். அதற்கு அகப்பட்டவர் மாமா, அதாவது அக்கா புருஷன். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறார். நாள் முழுக்க உட்கார்ந்த வேலை, அதற்கேற்ற தொப்பை. ஆனால் அப்படி ஒன்று இருப்பதாக அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. யாராவது பார்க்கிறார்கள் என்று தோன்றினால் போதும், மூச்சை இழுத்து வயிற்றை எங்கேயோ ஒளித்துவிடுவார். கடைக் கண்ணாடியைத் தாண்டும்போதுகூட இதே கதைதான். அந்த நேரத்தில் பேச்சுக் கொடுத்தால் மட்டும் மாட்டிக்கொள்வார், குரல் கீச்சென்று வரும்.

ஃப்ரிட்ஜில் கையை ஊன்றி நிற்கச் சொன்னாள் அக்கா. மாமா மூச்சைப் பிடித்தார். அக்கா நிதானமாகப் பென்சில் சீவினாள், காகிதத்தை மாற்றினாள், மறுபடி சீவினாள். மனுஷன் எவ்வளவு நேரம்தான் பிடிப்பார்? டிவியில் செய்தி ஓட ஆரம்பித்ததும் தன்னை மறந்தார், வயிறு வெளியே வந்தது, அக்கா வரைந்தாள்.

அந்த வயிற்றிலிருந்துதான் அவளுக்கு யோசனையும் வந்தது. மாமா கையைத் தூக்கினால் சட்டையின் முன்பக்கம் மேலே ஏறிவிடும், பின்பக்கம் மட்டும் தொங்கும். கடையில் விற்கிற சட்டையெல்லாம் தட்டையான வயிற்றுக்கு வெட்டியது, அதுபோல வயிறு எத்தனை பேருக்கு இருக்கிறது என்பது அக்காவின் கட்சி. முன்பக்கத்தை நீளமாக விட்டு, பக்கத் தையலில் சின்ன மடிப்பு வைத்து, பழைய படுக்கை விரிப்புகளில் வெட்டி வெட்டிப் பார்த்தாள். கடைசியில் நல்ல நீலப் பருத்தியில் ஒன்று தைத்தாள். ஒவ்வொரு முயற்சிக்கும் மாமா பக்கவாட்டில் நிற்கிற ஒரு படம் உறைக்குள் போனது.

மாமாவுக்குச் சட்டை பிடித்திருந்தது, படங்கள்தான் பிடிக்கவில்லை. இது யாரு என்று கேட்டார். முன்பின் தெரியாதவர்களிடம் என்னை இப்படியா காட்டப்போகிறாய் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அப்புறம் சமாதானமாகிவிட்டார் என்று நாங்கள் நினைத்தோம். நேர்காணலுக்கு முந்தின நாள், அக்கா கடைக்குப் போயிருந்தபோது, ரப்பரும் ஸ்கேலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரு படம் விடவில்லை. எல்லா வயிற்றையும் அழித்துவிட்டு நேராகக் கோடு போட்டு, சத்தமில்லாமல் மூடி வைத்துவிட்டார்.

மறுநாள் அவர் காரிலேயே கல்லூரிக்குப் போனோம். மாமா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். உறை கனமாக இருந்ததால் நானும் அக்காவோடு உள்ளே போனேன், யாரும் வெளியே போகச் சொல்லாததால் கதவோரம் நின்றுகொண்டேன். மேசைக்குப் பின்னால் குட்டை முடி வைத்த ஒரு அம்மாவும் வயதான ஒரு பேராசிரியரும். துணி மாதிரிகளை எல்லாம் விரலால் தடவிப் பார்த்துத் தலையாட்டினார்கள். கடைசியில் நீலச் சட்டையைத் தூக்கிப் பிடித்தார் அந்த அம்மா.

"முன்பக்கம் ஏன் இவ்வளவு நீளம்? அளவு தப்பிடுச்சா?"

இதற்குத்தான் காத்திருந்தவள்போல அக்கா படத்தை எடுத்து வைத்தாள். வைத்த கை அப்படியே நின்றது. படத்தில் மாமா ஒட்டடைக்குச்சி மாதிரி இருந்தார். அடுத்த தாளைப் புரட்டினாள், அதிலும் ஒட்டடைக்குச்சி. அவ்வளவு உழைப்பும் வெட்டத் தெரியாமல் வெட்டிய ஒரு சட்டையாகிவிட்டது. எனக்கு அழுகை வந்தது, மாமா மேல் கொலைவெறியும் வந்தது. அக்கா ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டுப் போய்க் கதவைத் திறந்தாள்.

"உள்ள வாங்க. இந்தச் சட்டையப் போட்டுக்கங்க."

முகத்தைப் பார்த்ததுமே மாமாவுக்குப் புரிந்துவிட்டது. திரும்பி நின்று சட்டையை மாற்றி, பட்டன் போட்டு, முன்னால் வந்து நின்றார். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான். முன்பக்கம் திரைச்சீலை போலத் தொங்கியது. அந்த அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"மூச்ச விடுங்க," என்றாள் அக்கா மெதுவாக.

மாமா கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தப்பிக்க வழியில்லை. கண்ணை மூடிக்கொண்டு விட்டார். வயிறு வந்தது, துணி அதன்மேல் இழுபடாமல் உட்கார்ந்தது, கீழ் விளிம்பு சுற்றிலும் ஒரே மட்டமாக நின்றது. கையைத் தூக்கச் சொன்னார்கள். அப்போதும் ஏறவில்லை. அந்த அம்மா எழுந்து வந்து, குனிந்து, பக்கத் தையலைப் பார்த்தார். பேராசிரியர் இருந்த இடத்திலேயே தன் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். படங்களில் ஏன் இது இல்லை என்று அவர் கேட்டதற்கு, நான்தான் அழிச்சேன் என்றார் மாமா, கீச்சில்லாத குரலில்.

கிளம்பும்போது அந்த அம்மா அக்காவின் கையைப் பிடித்து, சீட்டு உங்களுக்குத்தான், கடிதம் வரும் என்றார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

சட்டையை அவர்களே வைத்துக்கொண்டார்கள். காரில் ஏறப்போகும்போது மாமா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "இத்தனை வருஷமா என் தொப்பை உனக்குத் தெரியாதுன்னுதான் நெனச்சிட்டு இருந்தேன்."

"அப்போ உங்க சட்டையில பிஞ்சு போற பட்டனையெல்லாம் யாரு தைக்கறான்னு நெனச்சீங்க?" என்றாள் அக்கா.