துவைச்சல் போடாத கத்தி

கர்ர்... கர்ர்...னு அரம் போடுற சத்தம். கேட்டாலே பல்லு கூசும். கல்யாணமாகி அருப்புக்கோட்டைக்கு வந்த புதுசுல, பத்து நாளா வீட்டுக்குள்ள அந்தச் சத்தந்தேன். சோத்துல கூட இரும்புத்தூளு நரநரன்னுச்சு.

எல்லாம் எங்க வீட்டுக்காரவுக வாயால வந்தது. அவுக லாரி ஷெட்டுல பிட்டரு. காரியாபட்டிப் பக்கம் எங்க பெரியண்ணன் மகளுக்குக் காதுகுத்து, கிடாவெட்டு. எனக்கு மூணு அண்ணங்க. மாப்ளைய ஓட்டலேன்னா மூணு பேருக்கும் சோறு எறங்காது. "மாப்ளைக்கு நட்டு முறுக்கத்தேன் தெரியும்"னு ஒருநா சொல்லிட்டாங்க.

இவுகளுக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்துருச்சு. "கறி வெட்டுற கத்திய நானே செஞ்சு கொண்டாரேன். கடையில வாங்குனீக, விசேஷத்துக்கே வரமாட்டேன்"னுட்டாக. இது சொதப்புனா ஆயுசுக்கும் கேலி பண்ணுவாங்களே...

பழைய லாரி வில்லுப் பட்டைய நெருப்புல போட்டு எளக்கி, அரத்தால ராவி ராவி... சும்மா சொல்லக்கூடாது, கத்தி அம்சமா வந்துச்சு.

விசேஷத்துக்கு மொதநா காலையில சைக்கிள்ல ஏறிக்கிட்டே, "துவைக்கிறது ஒண்ணுதேன் பாக்கி. ஷெட்டுல லோடு வண்டி நிக்கிது, நான் வர லேட்டாகும். ஆசாரிகிட்டக் குடுத்துத் துவைச்சு வாங்கி வை"ன்னாக.

எனக்கு வந்துச்சே கோவம்! ஒரு கத்தியத் துவைக்க ஆசாரியா? எனக்குக் கை இல்லையா?

புளியும் சாம்பலும் போட்டுத் தேச்சேன் பாருங்க... அதுல மொகம் பாத்துப் பொட்டு வைக்கலாம்.

மறுநா பஸ்ஸுக்கு ஓடுறப்ப, "துவைச்சாச்சா?"ன்னாக. "ஆச்சு ஆச்சு"ன்னேன், மெதப்பா.

அங்க கிடாவ உரிச்சுத் தொங்கவிட்டாச்சு. அவுக துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போனாக. தொடை எலும்புல ஒரு போடு... ரெண்டாம் போடு... கத்தி வாய் மடங்கி, நுனி வளைஞ்சு நிக்கிது!

"மாப்ள, இது கத்தியா, கரண்டியா?"ன்னாரு பெரியண்ணன். பந்தலே சிரிச்சுச்சு.

அவுக மெல்ல எங்கிட்ட வந்து, "ஆசாரி துவைச்சாரா?"ன்னாக.

"எதுக்கு ஆசாரி? நானே புளி போட்டுத் துவைச்சேன்."

அப்புறந்தேன் அவுக எங்காதுக்குள்ள சொன்னாக... துவைக்கிறதுன்னா, இரும்பச் செவக்கக் காய்ச்சி எண்ணையில முக்கி எடுக்குறதாம். அப்பத்தேன் அது கெட்டிப்படுமாம். எனக்கு எங்கிட்டாவது ஓடிரலாம்னு இருந்துச்சு.

அவுக திரும்பி, எல்லாருக்கும் கேக்குற மாதிரி, "மச்சான், நாந்தேன் துவைச்சல் போட மறந்துட்டேன்"ன்னாக.

அங்கனயே சமையல் அடுப்புல கருவேலங்கரிய அள்ளிப் போட்டு, கத்திய நிமித்தி உள்ள விட்டாக. சின்னண்ணன் முறத்தால விசுற, கத்தி பழமாச் செவந்துச்சு. தூக்கி நல்லெண்ண டின்னுல விட்டாக பாருங்க... குப்புனு தீ! "ஐயோ, என் எண்ண!"ன்னு சமையக்காரரு அலறுறாரு.

அப்புறம் செங்கல்ல தேச்சு, தணலுக்கு மேல மறுசூடு காட்டி, வைக்கோல் நெறம் வந்ததும் எடுத்தாக. "மறுசூடு காட்டலேன்னா கண்ணாடியாட்டம் ஒடைஞ்சிரும்"னாக. கல்லுல தீட்டி ஒரே போடு. எலும்பு ரெண்டு துண்டு!

கறிக்கும் அதே எண்ணதேன். பந்தியில ஒரு பெரியம்மா, "வாசன தூக்குதே, என்னா மசாலு போட்டீக?"ன்னு கேட்டாக. ஒருத்தரும் மூச்சு விடல.

ஆனா அன்னையில இருந்து எங்கண்ணங்களுக்கு அவுக 'மறதி மாப்ள'. ஒவ்வொரு விசேஷத்துலயும் இதே பாட்டுத்தேன். அவுக சிரிச்சுக்கிட்டே கேட்டுக்கிருவாக. ஒரு நாளும் எம்பேரச் சொல்லல. நானும் கல்லுளிமங்கி கணக்கா உக்காந்திருந்தேன்.

இந்தக் காலத்துப் புள்ளைக நீங்க, காப்பியில சீனி கொறைஞ்சாக்கூட போட்டோ எடுத்து, 'என் பொண்டாட்டி போட்ட காப்பி'ன்னு போஸ்ட் போடுறீக. நல்லா இருங்கப்பா.

அண்ணங்களும் இல்ல, அவுகளும் இல்ல. சொல்ல வேண்டியவுககிட்டச் சொல்லாம, உங்ககிட்டச் சொல்றேன்... அவுக எதையும் மறக்கல. துவைச்சது நாந்தேன்.