இடியப்ப மெஷின்

வீட்டுக்கு ஒவ்வொரு மெஷின் வரும்போதும் இனி எனக்கு வேலை குறையும் என்றார்கள். ஒருமுறைகூடக் குறைந்ததில்லை. கிரைண்டர் வரும்வரை காலையில் பேக்கரிப் பாணும் தேங்காய்ச் சம்பலும்தான். யாரும் குறை சொன்னதில்லை. கிரைண்டர் வந்த வாரமே பாண் போய்த் தோசை வந்தது. "மெஷின்தானே அரைக்குது" என்றார் கணவர். உளுந்தை ஊறவைப்பதையும், கல்லைத் தூக்கிக் கழுவுவதையும், நின்று தோசை சுடுவதையும் எந்த மெஷின் செய்தது? பிறகு பழச்சாறு பிழிய ஒன்று வந்தது. எல்லோரும் ஆளுக்கு அரைக் கோப்பை குடித்துவிட்டுப் போனார்கள். அதன் சல்லடையில் சிக்கிய நாரைப் பழைய பல் பிரஷால் தேய்த்துக்கொண்டு நான் நின்றேன்.

இரவுச் சாப்பாடு மட்டும் என்னை விட்டுவைத்திருந்தது. கண்டியில் வேலை முடிந்து, பஸ்ஸில் நின்றபடியே வந்து கட்டுகஸ்தோட்டையில் இறங்கினால், சந்தியில் முஸ்லிம் நானா ஒருவரின் கடை. இடியப்பமும் சொதியும் சுடச்சுடக் கட்டித் தருவார். வீட்டில் பிரித்து வைத்தால் போதும்.

ஒரு மாலை, பார்சலோடு நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கணவர் உற்சாகமாகச் சொன்னார்: "இடியப்பம் பிழியிறதுக்குக் கரண்ட் மெஷின் வந்திருக்காம். வாங்கிருவோம், ஒனக்கு லேசா இருக்கும்."

"நம்மகிட்டதான் ஏற்கனவே ஒண்ணு இருக்குதேங்க."

"எங்க?"

"சந்தியில, நானா கடை. அது ஒண்ணத்தான் நான் கழுவி வைக்க வேண்டியதில்ல."