சாமுவேலுக்கு நான் அம்மா

போன வாரம் புந்தோங்கில் பஸ்ஸுக்காக நின்றபோது மழை பிடித்துக்கொண்டது. ஈப்போ மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சொல்லிவிட்டு வருகிற பழக்கம் அதற்குக் கிடையாது. தோளில் கிடந்த துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு முடிதிருத்தும் கடைக்குள் ஒதுங்கினேன். எதிரே பெரிய கண்ணாடி. அதில் முக்காடு போட்ட கிழவி ஒருத்தி நின்றிருந்தாள். நரைத்த மீசை வைத்த கிழவி. எனக்கு அவளை நன்றாகவே தெரியும். நாற்பது வருஷத்துக்கு முன்னால் நான் அவளாகத்தான் இருந்தேன்.

சிரிக்காதீர்கள், விஷயத்துக்கு வருகிறேன். அப்போது எனக்கு இருபது வயது. ஈப்போவில் எங்கள் சபை ஒரு போதனா வகுப்பு நடத்திவந்தது. ரப்பர்த் தோட்டத்துக் கூலிகள் வரிசையாகக் குடியிருக்கும் லயங்களுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி நடத்தவும், குடும்பங்களோடு உட்கார்ந்து ஜெபிக்கவும் வாலிபர்களைப் பழக்குகிற வகுப்பு. தேறினால் உபதேசியார். ஊரில் கேட்பவர்களிடம் காலேஜ் என்று சொல்லிக்கொள்வோம். உண்மையில் அது ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு பலகை வீடு. அடுத்த கொட்டகையில் சீனர் ஒருவர் காப்பிக்கொட்டை வறுப்பார். வெண்ணெயும் சீனியும் போட்டு அவர் வறுக்கத் தொடங்கிவிட்டால் எங்கள் பழைய ஏற்பாடு முழுவதும் மணக்கும். இன்றைக்கும் எங்காவது அந்த வாசனை வந்தால் என் வாய் தானாக ‘ஆமென்’ என்கிறது. என் பிள்ளைகளுக்கு இது பெரிய வேடிக்கை.

வகுப்பை நடத்தியவர் திருநெல்வேலிப் பக்கத்து ஐயர். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். அவருக்கு ஒரே ஒரு சட்டம். ஒரு வீட்டுக்கு ஜெபிக்கப் போனால் முதலில் அந்த வீட்டுத் தாயிடம் கேட்க வேண்டும்: “அம்மா, இந்த வாரம் இந்த வீட்டுக்கு எதுக்காக ஜெபிக்கணும்?” அவள் வாய் திறந்து சொல்லும்வரை யாரும் கண்ணை மூடக் கூடாது. வீட்டுக்காரர் சொன்னால் கணக்கில் வராது. “அவன் சொன்னா வீட்டோட கௌரவந்தான் வெளிய வரும், வீடு வராது” என்பார்.

இதைப் பழகுவதற்காக வகுப்பிலேயே ஒரு குடும்பத்தை உண்டாக்கி வைத்திருந்தோம். ஒருவன் அப்பா, ஒருவன் அம்மா, மற்றவர்கள் பிள்ளைகள். ஒருவன் மட்டும் வெளியே போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு உபதேசியாராக உள்ளே வருவான். எங்களில் குரல் மெலிந்தவன் நான். ஆகவே முதல் நாளே துண்டை என் தலையில் போட்டு அம்மாவாக்கிவிட்டார்கள். வெட்கமெல்லாம் ஒரு வாரம்தான். அப்புறம் அந்த வேஷம் எனக்குப் பிடித்தே போய்விட்டது. “சின்னவனுக்கு இருமல் ஐயா, ராவெல்லாம் தூங்கல” என்பது என் வழக்கமான பதில். ஒரு நாள் உற்சாகம் மிஞ்சி, மருமகள் கொடுமை வரைக்கும் போய்விட்டேன். “மூத்தவனுக்கே எட்டு வயசுதானப்பா” என்று ஐயர் நிறுத்தினார்.

சாமுவேல் தெலுக் ஆன்சன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டிக்கொண்டிருந்துவிட்டு வகுப்புக்கு வந்தவன். நல்ல உயரம், கணீரென்ற குரல். எங்கள் பொய்க் குடும்பத்தில் அவனைப் போல ஜெபிக்க ஆளில்லை. நிஜ வீட்டில்தான் தடுமாறுவான். தாய் பேசாமல் நின்றால் அவனுக்கு வேர்த்துவிடும். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் சட்டென்று கண்ணை மூடி, மனப்பாடமாக வைத்திருந்த ஜெபத்தைத் தொடங்கிவிடுவான். அப்படித்தான் ஐயர் வைத்த முதல் சோதனையில் தேறாமல் போனான். மறுபடியும் தவறினால் தோட்டத்துக்கே திரும்ப வேண்டியதுதான்.

“திரும்பிப் போனா எங்கப்பா திட்டுவாருன்னு பாக்கறியா மச்சான்? ஒண்ணும் சொல்ல மாட்டாரு. பால் வெட்டுற கத்திய எடுத்துக் கையில குடுப்பாரு, அவ்வளவுதான். அதத்தான் என்னால பாக்க முடியாது” என்றான் ஒரு நாள். அதற்குப் பிறகு அவனுக்காக நான் நிஜமாகவே ஜெபிக்கத் தொடங்கினேன்.

அவனுடைய இரண்டாவது சோதனை சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பாட்டு எடுத்துக்கொடுக்க நான் துணை. ஐயர் கூடவே வந்தார். ரயிலிலிருந்து இறங்கிச் செம்மண் பாதையில் நடந்தோம். வெயில் மண்டையைப் பிளந்ததால் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டேன். ரப்பர்த் தகடு உலர்த்தும் புகைவீட்டு வாசனை லயம் வரைக்கும் எங்களோடு வந்தது.

அந்த வீட்டுக்காரர் பெயர் மாசிலாமணி. மண்ணெண்ணெய்ப் பெட்டியைத் துடைத்து ஐயரை உட்காரவைத்தார். அவர் மனைவி ஞானம்மா சமையல் கட்டுக்குப் போட்டிருந்த சாக்குத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டார். விருந்தாள் வந்தால் லயத்தில் பெண்கள் நிற்கிற இடம் அதுதான். பாட்டு முடிந்தது. சாமுவேல் திரையைப் பார்த்துக் கேட்டான்.

“அம்மா, இந்த வாரம் இந்த வீட்டுக்கு எதுக்காக ஜெபிக்கணும்?”

“எல்லாம் சொகந்தான் ஐயா, ஒரு கொறையும் இல்ல” என்றார் மாசிலாமணி.

சாமுவேல் மறுபடியும் கேட்டான். திரை அசையவில்லை. ஐயர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாமுவேலின் கழுத்தில் வேர்வை இறங்கியது. இமைகள் மூடப்போகின்றன, தொலைந்தான் என்று நினைத்தேன். இரண்டு வருஷமாகக் கேட்ட கேள்வி, தலையில் துண்டு, எதிரே சாமுவேல். என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

“சின்னவனுக்கு இருமல் ஐயா, ராவெல்லாம் தூங்கல.”

அதுவும் அந்த அம்மா குரலில். மாசிலாமணி என் மீசையைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், மறுபடி மீசையைப் பார்த்தார். எனக்கு அந்தப் பெட்டிக்கு அடியில் நுழைந்துகொள்ளலாம் போலிருந்தது. அப்போது திரைக்குப் பின்னாலிருந்து சிரிப்பு பீறிட்டது. ஞானம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

“எங்க வீட்டுல சின்னவனே இல்லீங்களே. ரெண்டும் பொட்டப் புள்ளைங்க” என்றார், சிரிப்புக்கு நடுவே.

“அப்ப நீங்களே சொல்லுங்கக்கா” என்றான் சாமுவேல். பாடத்தில் இருந்தது அம்மா. அவன் வாயில் வந்தது அக்கா. சொல்லிவிட்டுக் காத்திருந்தான். கண்ணை மூடவில்லை.

ஞானம்மாவின் சிரிப்பு மெல்ல அடங்கியது. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “என்னைய மலைக்கு அந்தாண்ட நெரையில மரம் வெட்டப் போட்டிருக்காங்க. விடியறதுக்கு முந்தி பெரட்டுல பேரு குடுத்துட்டு இருட்டுல ஒத்தையா நடக்கறேன். பயமா இருக்குங்க. இவரு நெரைக்குப் பக்கத்துல போட்டா போதும். அதுக்கு ஜெபிங்க.”

“எங்கிட்ட சொல்லவே இல்லியே” என்றார் மாசிலாமணி.

“நீங்க கேக்கவே இல்லியே.”

சாமுவேல் தயார் செய்துகொண்டு வந்த நீண்ட ஜெபம் எங்கே போனதோ. “ஆண்டவரே, அக்காவுக்கு இருட்டுல பயமா இருக்கு. கூட நடங்க. மாசிலாமணி அண்ணனையும் நடக்க வைங்க” என்றான். அவ்வளவுதான் ஜெபம். மாசிலாமணியின் ஆமென் எல்லாருக்கும் பின்னால் வந்தது.

திரும்பும் ரயில் தாப்பா ரோடு ஸ்டேஷனைத் தாண்டியது. “தேறிட்டப்பா சாமுவேல்” என்றார் ஐயர். என் பக்கம் திரும்பி, “இனிமே நீ துண்ட தோள்லயே போடு” என்றார். சாமுவேல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் அழுததை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

அந்தத் தோட்டத்துக்கே அவனை உபதேசியாராக அனுப்பினார்கள். மாசிலாமணி கங்காணியிடம் கேட்டாராம், உடனே நடக்கவில்லை. நிரை மாற்றித் தரும்வரை தினமும் பந்தம் பிடித்து மனைவியை மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு, தன் மரங்களுக்கு ஓடி வருவாராம். லயமே கேலி செய்ததாம். சாமுவேல் இதைச் சொல்லும்போது தானே நடந்து களைத்தவன் போல மூச்சு வாங்குவான்.

நான் சில வருஷம் உபதேசியாராக இருந்துவிட்டுப் பள்ளிக்கூட வாத்தியாராகிவிட்டேன். சாமுவேல் ஈப்போவுக்கு வந்தால் பாசார் நடுவில் நின்று, “அம்மா” என்று என்னைத்தான் கூப்பிடுவான். மீன் வாங்குகிற பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஜப்பான்காரன் காலத்தில் அந்தத் தோட்டத்து ஆட்களைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துப் போனபோது, அவனும் கூடவே போனான். “நம்ம சனம் போவுது மச்சான், நான் மட்டும் இங்க என்ன செய்ய” என்றான். திரும்பவில்லை.

அந்தத் தோட்டத்தைப் பங்கு பங்காகப் பிரித்து விற்றுவிட்டார்கள். லயம் இருந்த இடத்தில் இப்போது எண்ணெய்க்கு நட்ட செம்பனைக் கன்றுகள். எங்கள் பலகை வீட்டையும் காப்பிக் கொட்டகையையும் இடித்து லாரி நிறுத்துகிறார்கள். என்னைப் பார்க்க இப்போதும் போதகர்கள் வருகிறார்கள், நன்றாகவே ஜெபிக்கிறார்கள். உட்கார்ந்ததும் கண்ணை மூடிவிடுகிறார்கள்.

“ஐயா, முடி வெட்டணுங்களா?” என்றார் கடைக்காரர். “இல்லப்பா, மழைக்கு ஒதுங்கினேன்” என்றேன். மழை விட்ட பிறகும் துண்டை எடுக்க மனம் வரவில்லை. சாமுவேல் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து கேட்டிருந்தால், சின்னவனுக்கு இருமல் என்று சொல்லியிருக்க மாட்டேன். எனக்கும் இப்போதெல்லாம் ஒத்தையாக நடக்கப் பயமாக இருக்கிறது.