முடியாதக்காவின் நாலாவது முடியாது

கணினிகள் அடுக்கிய குளிர் அறையைப் பார்த்துக்கொள்ளும் ஏசி மெக்கானிக்குக்கு ஆபீஸில் ‘முடியாதக்கா’ என்று பெயர். எதைக் கேட்டாலும் அவள் வாயில் முதலில் வருவது அதுதான். மூன்று முறை அங்கே கணினிகளின் எண்ணிக்கையைக் கூட்டினார்கள். மூன்று முறையும், “முடியாது, அறை சூடு தாங்காது” என்றாள். மூன்று முறையும் தாங்கியது. ஆபீஸே சிரித்தது; அவளும் சேர்ந்து சிரித்தாள்.

தாங்க வைத்தது யார் என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை. முடியாது என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் முணுமுணுத்துக்கொண்டே திரிவாள். பிறகு சுவரில் ஓட்டை போடுவாள், காற்றுக்குழாயைத் திருப்புவாள், மொட்டைமாடியில் இன்னொரு ஏசி யூனிட்டை ஏற்றுவாள். இப்படி ஒருத்தி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். அவர்களோ கேலி செய்தார்கள்.

நாற்பது புதுக் கணினிகள் வரப்போகின்றன, வேகம் இரண்டு மடங்கு என்று அவள் காதில் விழுந்து இரண்டு நாள் கழித்து அறை தாங்கும் என்று அவள் கையெழுத்துப் போட வேண்டிய படிவத்தோடு மேனேஜர் வந்தார்.

“முடியாது சார்.”

“தெரியும்க்கா. கையெழுத்துப் போடுங்க.”

“இல்ல சார், இந்தத் தடவை நெஜமாவே முடியாது.”

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. “நீங்க போடலேன்னா மேலிடத்துல வெளியாள வச்சுக்குவாங்க. உங்க வேலை போயிடும்க்கா.”

பதினாறு வருட வேலை. அவள் அவரை மொட்டைமாடிக்கு அழைத்துப்போனாள்.

அங்கே ஒவ்வொரு யூனிட்டின் முன்னாலும் ஒரு துணி நாடா கட்டியிருந்தாள். தையல்காரரான அவள் கணவர் வெட்டிப்போட்ட மிச்சத் துணி. சூட்டுக்காற்று போகும் திசையை அறிய அவள் நம்புவது அதைத்தான். முன்பெல்லாம் நாடாக்கள் வெளிப்பக்கம் பறக்கும். இப்போது ஒவ்வொன்றும் அடுத்த யூனிட்டுக்குள் நுழையப் பார்த்தது.

“ஒண்ணு துப்புற சூட்ட இன்னொண்ணு முழுங்குது சார். கம்ப்யூட்டர் எவ்வளவு வேகமா வேணா வரட்டும். அது விடற சூடு எங்கயாவது போய்த்தானே ஆகணும்? மாடியில இடமில்ல.”

மேனேஜர் நாடாக்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு படிவத்தில் நாற்பதை அடித்துவிட்டு, “எத்தனைக்கா?” என்றார்.

“ஆறு. இருக்கற யூனிட்டுங்க அதுக்கு மேல தாங்காது சார்.”

ஆறு என்று எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டாள். மேலிடம் இதற்கு என்ன சொல்லும் என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

வீட்டில் கணவர் தைத்துக்கொண்டிருந்தார்.

“இன்னைக்கு முடியாதுன்னு சொல்லிட்டேங்க.”

“தெனமும் சொல்றதுதானே,” என்றார், தலை நிமிராமல்.

“இல்லைங்க. ரெண்டு நாளா மண்டைய உடைச்சுப் பாத்துட்டேன். எனக்கு வழி தெரியல.”

தையல் மெஷின் நின்றது. இருபது வருடத் தாம்பத்தியத்தில், வழி தெரியவில்லை என்று அவள் சொல்லி அவர் கேட்டதில்லை. எழுந்து, தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்திப் போட்டார்.