எழுபது என்று காட்டிய அடுப்பு

பழைய கம்ப்யூட்டரின் பின்பக்கம் ஜாய்ஸ்டிக் செருகும் போர்ட் ஒன்று இருக்கும். விளையாட்டுக்காக வைத்தது. அதை வைத்து அடுப்பின் சூட்டைப் படித்தவன் நான்.

பொம்மசந்திராவில் மோட்டார் காயில்களை வார்னிஷில் முக்கி, மின் அடுப்பில் உலர்த்தும் சின்னப் பட்டறை அது. சூடு ஏறினால் சென்சார் தரும் வோல்டேஜ் ஏறும். அந்த வோல்டேஜ் ஒரு கெப்பாசிட்டரை நிரப்பும்வரை கம்ப்யூட்டர் எண்ணிக்கொண்டிருக்கும், குழாயடியில் குடம் நிரம்பும்வரை நாம் எண்ணுவதுபோல. சீக்கிரம் நிரம்பினால் சூடு அதிகம். அந்த எண்ணிக்கையை டிகிரியாக மாற்றித் திரையில் காட்டி, சூடு குறைந்தால் அடுப்பை எரிப்பதும் ஏறினால் அணைப்பதும் அதே கம்ப்யூட்டர்தான். திரையில் எண்பது டிகிரிக்குக் கீழே காட்டினால்தான் ஈர வார்னிஷோடு தட்டை உள்ளே வைக்கலாம். மீறினால் ஆவி குப்பென்று பற்றிக்கொள்ளும். சூடு மீறினால் தானாக கரண்டை நிறுத்தும் கட்-ஆஃப் ஒன்றைத் தனியாகப் போடலாமா என்று முதலாளி கேட்டபோது, இதுவே போதும் என்று ஜம்பமடித்தேன்.

போன மாதம் அந்தக் கம்ப்யூட்டர் செத்துப்போனது. அந்தப் போர்ட் இருந்த கார்டையும் புரோகிராமையும் அதைவிட வேகமான இன்னொரு பழைய கம்ப்யூட்டருக்கு மாற்றினேன். காலை நேரம், அடுப்பு ஆறிக்கிடந்தது, திரையிலும் சின்ன எண். சரிதான் என்று ஸ்கூட்டரை எடுத்தேன்.

பொம்மனஹள்ளி சிக்னலில் தொண்ணூறு விநாடி. எனக்குப் பொறுமை கிடையாது. இறங்கும் எண்ணோடு போட்டிபோட்டு மனதுக்குள் எண்ணினேன். அது நாற்பதில் இருக்கும்போதே நான் முடித்துவிட்டேன். மாற்றி வைத்த கம்ப்யூட்டரும் இப்படித்தான் வேகமாக எண்ணும். குடம் நிரம்பும் நேரம் மாறாது, எண்ணிக்கை மட்டும் கூடும். எண்ணிக்கை கூடினால் சூடு போதவில்லை என்று நினைத்து அடுப்பை மேலும் எரிக்கும்.

பட்டறையில் அடுப்பு வேலை பார்க்கும் அந்த அம்மாவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. உள்ளே போனைக் கொண்டுபோகக் கூடாது என்று விதி போட்டதும் நான்தான். வண்டியைத் திருப்பினேன். அப்படி ஒரு பயத்தை நான் அறிந்ததில்லை. வானத்தில் புகை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

உள்ளே ஓடியபோது திரையில் எழுபது. அந்த அம்மா கையுறையோடு, வார்னிஷ் சொட்டும் தட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு, அடுப்பின் கைப்பிடியில் கை வைத்திருந்தார். மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, கதவைத் தொடாதீர்கள் என்று கத்தினேன்.

கதவிலிருந்து அடித்த அனலில் என் முகம் காந்தியது. அவர் மெதுவாகக் கையை எடுத்தார்.

"அனல் ஜாஸ்தியா அடிக்குதேன்னு நானும் நெனச்சேன் சார். ஆனா எழுபதுதான காட்டுது. நீங்க வெச்ச நம்பராச்சேன்னுதான் தொறக்க வந்தேன்."